சக்கரத்தின் காற்றும் சக்கரத்தின் ஓசையும்

நாடி பிடித்து நோய் சொல்லும் மருத்துவரைப் போல, ஓசையைக் கேட்டே மோட்டார் வண்டியின் கோளாற்றைச் சொல்லிவிடும் மெக்கானிக்குகள் உண்டு. நான் அத்தகையவன் அல்லன். மெக்கானிக்கல் பிரிவில் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது அத்தகையவன் என்று என்னை நானே எண்ணிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். அந்த எண்ணத்தின் பயனாக, 2024-ஆம் ஆண்டு சித்திரைத் திருநாளுக்கு முந்திய பகலில் ஆறு பேரை வெயிலில் நடுச்சாலையில் நிறுத்தினேன். “எஞ்சினீயரிங் மாணவர்களும் கதை, கவிதைதான் தருவீர்களா? படித்ததைப் பற்றி ஒன்றும் எழுத மாட்டீர்களா?” என்று நம் மலரின் ஆசிரியர் கேட்டபோது, அந்த நிகழ்ச்சிதான் நினைவுக்கு வந்தது. அதையே பாடமாக எழுதுகிறேன்.

நம் வளாகத்துத் தமிழர்கள் அனைவருக்கும் அந்த வண்டி தெரியும். கணிதத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஐயா ஒருவரின் அம்பாசடர் அது, 1967-இல் பதிவானது. அம்பாசடர் இந்த வங்க மண்ணில் பிறந்த வண்டி. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரை அடிப்படையாகக் கொண்டு, ஹூக்ளி ஆற்றை ஒட்டிய உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1957 வாக்கில் செய்யத் தொடங்கி, 2014 மே மாதம் வரை செய்தது. ஐயாவின் வண்டியில் கியர்க்கோல் ஸ்டியரிங் தண்டோடு ஒட்டியே இருக்கும். இன்றைய கார் ஓட்டிப் பழகியவர்கள் அதைத் தேடிக் காலடியில் துழாவுவதைப் பார்த்து ஐயா சிரிப்பார்.

சென்ற காலத்து வண்டிக்குச் சென்ற காலத்து டயர். பக்கவாட்டில் 5.90-15 என்று அச்சாகியிருக்கும். டயரின் அகலம் 5.90 அங்குலம், அது உட்காரும் ரிம்மின் குறுக்களவு 15 அங்குலம். உள்ளே தனி டியூப் உண்டு. டயரின் ரப்பருக்குள் நூல் அடுக்குகள் இருக்கின்றன. ஓர் அடுக்கின் நூல்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து சென்றால் அடுத்த அடுக்கின் நூல்கள் எதிர்ப்பக்கம் சாயும். இதனைக் குறுக்கடுக்கு டயர் எனலாம். இன்று நாம் காணும் கார்களில் பெரும்பாலும் இருப்பது ரேடியல் டயர். அதில் நூல்கள் ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நேராகச் செல்லும். தரையைத் தொடும் பகுதிக்கு அடியில் மட்டும் இறுகிய பட்டை ஒன்று சுற்றியிருக்கும். 1946-இல் பிரான்சு நாட்டு மிஷலின் நிறுவனம் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. இரண்டும் காற்றைச் சுமக்கும் விதம் வேறு. வளையும் விதம் வேறு. ஆதலால் ஒன்றுக்குச் சொன்ன அழுத்தத்தை மற்றதற்கு வைத்தல் கூடாது. ஒரே அச்சில் ஒரு பக்கம் இதுவும் மறுபக்கம் அதுவுமாகப் பூட்டுதல் அறவே கூடாது.

அந்த ஆண்டு பங்குனியில் ஒரு நாள் ஐயா என்னை அழைத்து, “தம்பி, பின்னாலே ஒரு வண்டு கூடவே பறந்து வருகிறது. நீ கொஞ்சம் கேள்” என்றார். கேட்டேன். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம் வரை ஒன்றும் இல்லை. அதைத் தாண்டியதும் ‘ம்ம்ம்’ என்று ஒரு ரீங்காரம் எழுந்தது. 60-இல் பேச்சை மறைக்கும் அளவுக்கு வளர்ந்தது. நகரத்துப் பணிமனை ஒன்றில் முன்பே காட்டியிருந்தார். அங்கே பின் அச்சின் கிரவுன், பினியன் பற்சக்கரங்கள் தேய்ந்துவிட்டன, அச்சைப் பிரித்துத்தான் ஆக வேண்டும் என்று சொல்லி, ஐயாவின் இரண்டு மாத ஓய்வூதியத்தை விழுங்கும் தொகை ஒன்றையும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே நடமாடினார். வண்டியை விற்றுவிடலாமா என்று அம்மாவிடம் கேட்டதாகவும் சொன்னார்.

நான் டயரில் காற்று பார்த்தேன். நான்கிலும் 35 பவுண்டு! ஐயாவின் பழைய கைந்நூலில் கண்ட அளவோ இருபதுகளின் நடுவே இருந்தது. வண்டி வழக்கமாகச் செல்லும் பெட்ரோல் பங்கில் காற்றடிக்கும் பையனுக்கு எல்லாக் காரும் ஒன்றுதான்; குழாயைச் செருகினால் 35. அவனையும் குறை சொல்ல முடியாது. அவன் பிறப்பதற்கு நெடுநாள் முன்பு அச்சான நூலை அவன் எங்கே கண்டான்?

இங்கே பவுண்டு என்பது ஒரு சதுர அங்குலத்தின் மேல் காற்று எத்தனை பவுண்டு எடையாக அழுத்துகிறது என்பதன் சுருக்கம். நம் அளவில் ஒரு சதுர செண்டிமீட்டருக்கு ஒரு கிலோ என்பது ஏறத்தாழ 14 பவுண்டு. இதை வைத்து ஒரு சிறு கணக்குப் போடலாம். அம்பாசடரின் எடையைச் சுமார் 1,100 கிலோ என்று கொண்டால் சக்கரம் ஒன்றுக்கு 275 கிலோ. காற்று 24 பவுண்டு, அதாவது 1.69 கிலோ. டயரின் சொந்த விறைப்பை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், 275-ஐ 1.69-ஆல் வகுத்து வருகிற 163 சதுர செண்டிமீட்டர்தான் தரையைத் தொடும் பரப்பு. ஏறத்தாழ விரல்களையும் சேர்த்த ஓர் உள்ளங்கையின் அளவு. அத்தகைய நான்கு பரப்புகளின் மேல்தான் முழு வண்டியும் நிற்கிறது, ஓடுகிறது, பிரேக் பிடிக்கிறது. 35 பவுண்டு வைத்தால் அந்தப் பரப்பு 112 ஆகச் சுருங்கிவிடும். டயரின் நடுப்பகுதி மட்டும் தரையில் படும், அங்கேயே தேயும். காற்றுக் குறைந்தால் மாறாக இரு ஓரங்களும் தேயும்.

அழுத்தம் எடைக்கு ஏற்ப அமைய வேண்டும் என்பதற்கு வோல்க்ஸ்வாகன் வண்டுக் காரைப் போல நல்ல சான்று வேறில்லை. அதற்கு எஞ்சின் பின்னால். பழைய குறுக்கடுக்கு டயர் பூட்டிய வண்டுக்கு முன் சக்கரத்தில் 16 பவுண்டு அளவும், பின் சக்கரத்தில் 24 பவுண்டு அளவும் வைக்கச் சொன்னார்கள். 16 என்றால் இன்றைய பங்கில் பஞ்சர் என்றே சொல்லிவிடுவார்கள்.

அடுத்து ஓசை. ஓடும் டயர் எப்படி ஒலிக்கிறது? டயர்க் கடைக்காரர்கள் ‘பட்டன்’ என்று சொல்லும் ரப்பர்க் கட்டைகள் ஒவ்வொன்றும் தரையில் வந்து மோதுகின்றன. அவற்றுக்கு இடையிலுள்ள பள்ளங்களில் அகப்பட்ட காற்று நசுங்கிப் பிதுங்கி வெளியேறுகிறது. மோதலின் அதிர்வு டயர் வழியாக அச்சுக்கும், வில்தகட்டுக்கும், அங்கிருந்து உடலுக்கும் ஏறுகிறது. வீணைக்குக் குடம் செய்யும் வேலையை நமக்கு வண்டியின் தகரம் செய்துவிடுகிறது. 5.90-15 டயர் ஒரு சுற்றில் ஏறத்தாழ 2 மீட்டர் உருளும். மணிக்கு 60 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 16.7 மீட்டர், ஆக, நொடிக்கு 8 சுற்று. சுற்றில் 60 பட்டன்கள் ஒரே நீளத்தில் இருந்தால் நொடிக்கு 480 மோதல். தெளிவான ஒரு சுரமே கேட்கும். இதைத் தவிர்க்கத்தான் டயர் செய்வோர் பட்டன்களை வெவ்வேறு நீளத்தில் கலந்து அமைக்கிறார்கள். ஒரு சுரமாகக் குத்த வேண்டிய ஒலி பல சுரமாகச் சிதறி, வெறும் இரைச்சலாக அடங்குகிறது.

டயருக்குள் அடைபட்ட காற்றும் ஒரு குழல் போல ஒலிக்கும். வளையமான அந்தக் காற்றின் நடுச்சுற்றளவு நம் டயரில் சுமார் 1.64 மீட்டர். காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 345 மீட்டர் செல்வதால், நொடிக்கு 210 அதிர்வை ஒட்டி அது முழங்கும். வியப்பு என்னவென்றால், காற்றை ஏற்றினாலும் இறக்கினாலும் இந்தச் சுரம் மாறுவதில்லை. வாயுவில் ஒலியின் வேகம் வெப்பத்தைப் பொறுத்தது; அழுத்தத்தைப் பொறுத்ததன்று. இயற்பியல் மாணவர்கள் வகுப்பில் எழுதும் சூத்திரம் கார்ச் சக்கரத்துக்குள்ளும் வேலை செய்கிறது. மற்ற ஒலிகளோ அழுத்தத்தோடு மாறும். காற்று மிகுந்தால் டயர் கல்லாகி, சாலையின் ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் மேலே அனுப்பும். குறைந்தால் குத்து மெத்தென்று ஆகும்; ஆனால் திருப்பத்தில் ஓரங்கள் இழுபட்டுக் கீச்சிடும்.

காற்றுச் சக்கரம் பிறந்ததே ஓரளவு ஓசையை அடக்குவதற்காகத்தான். 1845-இல் ஸ்காட்லாந்துக்காரர் ராபர்ட் வில்லியம் தாம்சன் அதற்குக் காப்புரிமை பெற்றபோது, இழுக்கும் உழைப்பைக் குறைத்தல், பயணத்தை எளிதாக்கல் என்பவற்றோடு ஓசையைத் தணித்தலையும் நோக்கமாகக் குறித்திருந்தார். குதிரை வண்டிக் காலம் அது. உலகம் அதை மறந்துவிட்டது. 1888-இல் பெல்ஃபாஸ்ட் நகரில் டன்லப் தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காக அதை மீண்டும் கண்டுபிடித்தார். அவர் பெயர் தாங்கிய தொழிற்சாலை 1936-இல் இதே ஹூக்ளிக் கரையில், சாகாகஞ்சில் எழுந்தது.

இவ்வளவையும் அறிந்த நான் என்ன செய்தேன் தெரியுமா? 35-ஐ 24-க்கு இறக்கினேன். ரீங்காரம் சற்றுத் தணிந்தது. ஐயாவின் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியைக் கண்டு இன்னும் இறக்கினேன். 20-இல் மேலும் தணிந்தது. 18-இல் வண்டு ஏறத்தாழ ஓய்ந்தே விட்டது. “அச்சும் இல்லை, பற்சக்கரமும் இல்லை, காற்றுதான்” என்றேன். ஐயா சட்டைப் பையிலிருந்த தாளை எடுத்துக் கிழித்தார். அன்றிரவு விடுதியில் நான் தூங்கிய தூக்கம் அலாதி.

நான்கு நாள் கழித்துச் சங்கத்தின் சித்திரை விழாவுக்குச் சாமான் வாங்க 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள நகரத்துக்குப் போனோம். ஐயா ஓட்டினார். அம்மாவும் மாணவர் நால்வருமாக வண்டியில் மொத்தம் ஆறு பேர். திரும்பும்போது பின்பெட்டியில் அரிசியும் பாத்திரமுமாக நூறு கிலோ இருக்கும். வெயில் 40 பாகையை நெருங்கிக்கொண்டிருந்தது. இப்போது அதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். வண்டியும் ஆட்களும் சுமையுமாக 1,600 கிலோ. சக்கரத்துக்கு 400; பின் சக்கரங்களுக்கு அதைவிட மிகுதி. 18 பவுண்டு என்பது 1.27 கிலோ. தரையில் பட வேண்டிய பரப்பு 315 சதுர செண்டிமீட்டர். முன் கண்டதைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. அவ்வளவு பரப்பு தரையில் பட வேண்டுமானால் டயரின் பக்கச்சுவர் அவ்வளவுக்கு மடிய வேண்டும். மடிந்து நிமிர்ந்து, மடிந்து நிமிர்ந்து, நொடிக்கு 8 முறை. 40 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 20,000 முறை. வளைக்கச் செலவான ஆற்றல் முழுவதையும் ரப்பர் திருப்பித் தருவதில்லை. ஒரு பகுதியை வெப்பமாக வைத்துக்கொள்கிறது. கம்பியை மடக்கி மடக்கி ஒடிக்கும்போது விரலில் சுடுமே, அது போல. தடித்த பல அடுக்குகள் கொண்ட குறுக்கடுக்கு டயரில் இந்த வெப்பம் இன்னும் மிகுதி.

வழியில் பாதி கடந்தபின் ‘தொப், தொப்’ என்று ஓர் ஓசை, இடப்புறம் பின்னாலிருந்து. நான் அதைச் சாலையின் குற்றம் என்று சொன்னேன். ரப்பர் கருகும் நாற்றம் வந்ததும் அம்மாதான், “வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள்” என்றார். இறங்கிப் பார்த்தால், அம்மா உட்கார்ந்திருந்த பக்கத்துப் பின் டயரின் பக்கச்சுவரில் பெரிய எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு புடைப்பு. உள்ளே நூல் அறுந்து, டியூப் அந்த இடத்தில் பிதுங்கிக்கொண்டிருந்தது. கை வைத்தேன், ஒரு நொடிகூட வைத்திருக்க முடியவில்லை. எதிரும் புதிருமாக லாரிகள் போய்க்கொண்டிருந்த சாலை அது. இன்னும் இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. ஸ்டெப்னியிலும் பாதிக் காற்றுதான் இருந்தது. அதையும் நான் பார்த்திருக்கவில்லை. ஐயா என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஜாக்கியை எடுத்து என் கையில் கொடுத்தார்.

ஸ்டெப்னியைப் பூட்டி, சுமையையும் மூவரையும் வேறு வண்டியில் ஏற்றிவிட்டு, ஊர்ந்து ஊர்ந்து வளாக வாயிலருகில் இருக்கும் டயர்க் கடைக்கு வந்தோம். கடைக்காரர் வங்காளி, அறுபது வயதைக் கடந்தவர், நாங்கள் எல்லாரும் ‘தாதா’ என்று அழைப்போம். அவர் முதலில் செய்தது, எஞ்சிய மூன்று டயர்களின் மேலும் உள்ளங்கையை வைத்துத் தடவியதுதான். முன்னிருந்து பின்னாகத் தடவினால் வழுவழு என்று இருந்தது. பின்னிருந்து முன்னாகத் தடவினால் ரம்பம் போலத் தடுத்தது. என் கையையும் பிடித்து வைத்துக் காட்டினார். பட்டன்கள் ஒவ்வொன்றும் ஒரு விளிம்பில் உயர்ந்தும் மறு விளிம்பில் தாழ்ந்தும் தேய்ந்திருந்தன. அந்த ரம்பப் பற்கள் வரிசையாகத் தரையை அறைவதுதான் ஐயாவின் வண்டு! நான் காற்றை இறக்கியபோது அறை மெத்தென்று விழுந்தது. பல் அப்படியே இருந்தது.

பிறகு பக்கச்சுவரில் நான்கு இலக்கம் கொண்ட ஓர் எண்ணைக் காட்டினார். முதல் இரண்டு இலக்கம் டயர் செய்த வாரம். பின் இரண்டும் ஆண்டு. 3109 என்று இருந்தது. 2009-ஆம் ஆண்டின் 31-ஆம் வாரம். அதாவது, பதினைந்தாம் ஆண்டில் நடக்கும் டயர். ஐயா மாதத்துக்கு நூறு கிலோமீட்டர்கூட ஓட்டுவதில்லையாதலால் பட்டன் உயரம் நிறைய இருந்தது. மொட்டை டயர் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ரப்பர் ஓடாவிட்டாலும் முதுமை அடையும். வெயிலும் காற்றும் பட்டு இறுகும். இறுகிய ரப்பர் உரக்க ஒலிக்கும். பக்கச்சுவரில் மயிரிழை போன்ற வெடிப்புகள் ஓடும். அவை அங்கே ஓடிக்கொண்டுதான் இருந்தன. நான் மானியைப் பார்த்தேனே தவிர டயரைப் பார்க்கவில்லை.

பின் அச்சில் கோளாறு இல்லை என்பதை எப்படி உறுதி செய்வது என்று கேட்டேன். தாதா சொன்ன வழிகளைப் பின்னர் நூல்களிலும் கண்டேன். சாலை மாறும்போது, தாரிலிருந்து சிமெண்டுக்குச் செல்லும்போது, ஓசையின் நிறம் மாறினால் அது டயர். பற்சக்கரத்துக்குக் கீழே என்ன சாலை என்பது தெரியாது. அது ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது ஒரு குரலிலும் விடும்போது வேறு குரலிலும் பேசும். வளைவில் வண்டி ஒரு பக்கம் சாயும்போது ஓசை கூடி, மறுபக்கம் சாயும்போது குறைந்தால் சக்கரத்தின் பேரிங்கை ஐயுற வேண்டும். இவற்றிலும் தெளியாவிட்டால் முன் சக்கரங்களைப் பின்னும், பின் சக்கரங்களை முன்னும் மாற்றிப் பூட்டிப் பார்க்க வேண்டும். ஓசையும் கூடவே இடம் மாறினால் ஐயமே இல்லை. பழைய பணிமனை நூல்கள், சோதனைக்கு மட்டும் காற்றை 50 பவுண்டு வரை ஏற்றி ஓட்டிப் பார்க்கச் சொல்லும். டயர் ஓசை மாறும். அச்சின் ஓசை மாறாது. புது டயருக்குச் சொன்ன சோதனை அது. பக்கச்சுவரில் அச்சிட்ட உச்ச அளவைத் தாண்டவே கூடாது. வெடிப்புக் கண்ட டயரில் இதைச் செய்வதே கூடாது. காற்றை மாற்றி ஓசையைக் கேட்பது நோயை அறியும் சோதனை. அதையே நான் மருந்தாக்கிவிட்டேன்.

காற்று பார்ப்பதிலும் தாதா என்னைத் திருத்தினார். டயர் குளிர்ந்திருக்கும்போது, விடியலில், வண்டியை எடுப்பதற்கு முன் பார்க்க வேண்டும். ஓடி வந்த டயரில் மூன்று நான்கு பவுண்டு மிகுதியாகக் காட்டும். மிகுதி என்று அதைத் திறந்துவிட்டால், ஆறியபின் குறைந்துதான் நிற்கும். பருவமும் கணக்கில் வரும். மானி காட்டும் 24-க்கு மேல் வளிமண்டலத்தின் 14.7-ஐயும் கூட்டினால் மொத்தம் 38.7. மே மாதத்து 40 பாகை வெப்பத்தில் 24 வைத்த டயரைத் தொடாமல் விட்டால், இங்கே சனவரி விடியலின் 10 பாகையில் அது 20-ஐ ஒட்டி இறங்கிவிடும். டியூப் வழியே கசிவது தனி. நம் ஊர்களில் இருந்து வருகிறவர்களுக்கு இந்தக் குளிர்கால இறக்கம் பழக்கமில்லை. சைக்கிள் வைத்திருப்பவர்களும் இதைக் கவனிக்கலாம்.

நான்கு டயரும் ஒரே வகையாக, ஒரே அளவாக, ஒரே நாளில் மாற்றினோம். ஐயா குறுக்கடுக்கு வகையையே கேட்டார். என் பங்காகக் கொஞ்சம் பணம் கொடுக்கப் போனேன், வாங்கவில்லை. “அச்சைப் பிரித்திருந்தால் இதைப்போல் எத்தனை மடங்கு போயிருக்கும்? நீ பாதிக் கணக்குச் சரியாகப் போட்டாய்” என்றார். முப்பத்தைந்து ஆண்டு விடைத்தாள் திருத்தியவர். பாதி மதிப்பெண் கொடுத்தார்.

புது டயரில் வண்டு போய்விட்டது. போனபின் ஒரு வேடிக்கை. 50-இல் மிதிக்கும்போது மட்டும் பின்னாலிருந்து மெல்லிய ஒரு முனகல் கேட்டது. காலை எடுத்தால் நின்றது. அதுதான் உண்மையான அச்சின் குரல். டயரின் இரைச்சலில் இத்தனை நாள் மறைந்திருந்தது. தாதா அச்சின் எண்ணெய் மட்டத்தைப் பார்த்து, குறைந்திருந்ததை ஊற்றி நிரப்பி, பிரிக்க வேண்டிய நிலை இல்லை என்றார். இன்னும் அது முனகிக்கொண்டுதான் இருக்கிறது.

இப்போது சொந்தமாக ஒரு மானி வாங்கி வைத்திருக்கிறேன். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, ஞாயிறு காலை 6 மணிக்கு, ஐயா வீட்டு வாசலில் ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்து டயரிலும் காற்று பார்ப்போம். விருப்பமுள்ளவர்கள் வரலாம். அம்மா காப்பி தருவார்.